ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்: கணக்குப் பேரேட்டிலிருந்து அழைப்பிதழுக்கு வந்த எழுத்து

ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்பது ஆங்கிலம் முதலான மொழிகளை எழுதப் பயன்படும் இலத்தீன் எழுத்துகளுக்கான ஓர் எழுத்துரு. எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒன்றன் வால் அடுத்ததன் தலையைப் பிடித்துக்கொண்டு தொடரும். கோடு ஓரிடத்தில் மயிரிழையாகவும் மற்றோரிடத்தில் தடித்தும் ஓடும். பார்த்தவுடன் யாரோ நிதானமாக உட்கார்ந்து பேனாவால் எழுதியது போலத் தோன்றும். 1965-66இல் மேத்யூ கார்ட்டர் என்ற ஆங்கிலேய எழுத்து வடிவமைப்பாளர் லினோடைப் நிறுவனத்துக்காக இதனை உருவாக்கினார். எழுத்துருவின் பெயரில் இருக்கும் ஸ்னெல் அவருக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் முன்பு லண்டனில் வாழ்ந்த எழுத்தாசிரியர்.

இவ்வகை எழுத்துருக்களை முறைசார் வனப்பெழுத்துருக்கள் என்பர். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானதே. நம் ஊர்த் திருமண அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயர் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஓர் எழுத்துருவில்தான் அச்சாகியிருக்கும். பள்ளி விளையாட்டு விழாச் சான்றிதழிலும் பட்டயத்திலும் அதுவே. அழகுக்காகவே பிறந்த எழுத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது கடைக்கணக்கும் கப்பல் சரக்குப் பட்டியலும் எழுதுவதற்காகப் பிறந்த எழுத்து. அந்தக் கதை தெரிந்தால், இதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதும் தானாக விளங்கிவிடும்.

ஒரு சிறு எச்சரிக்கை. ரவுண்ட்ஹேண்ட் என்ற சொல்லை அப்படியே தமிழாக்கினால் வட்டக் கையெழுத்து என்று வரும். பாண்டிய, சேர நாட்டுக் கல்வெட்டுகளில் காணும் நம் வட்டெழுத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாணவர்கள் தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

யார் இந்த ஸ்னெல்?

சார்லஸ் ஸ்னெல் (1667–1733) லண்டன் ஃபாஸ்டர் லேன் பகுதியில் எழுத்துப் பள்ளி நடத்தியவர். எழுத்துப் பள்ளி என்றால் நம் திண்ணைப் பள்ளிபோல அரிச்சுவடி தொடங்கும் இடம் அன்று. ஓரளவு படிக்கத் தெரிந்த பையன்கள் வணிகக் கணக்கர் வேலைக்குத் தயாராகும் இடம். அங்கே இரண்டு பாடங்கள்: கையெழுத்து, கணக்கு. இரண்டையும் ஒரே ஆசிரியர் கற்பிப்பார். ஸ்னெல் எழுத்துப் பயிற்சி நூல்கள் வெளியிட்டதோடு, வணிகர்களும் நிலக்கிழார்களும் கணக்கெழுதும் முறை குறித்தும் நூல்கள் எழுதினார்.

இந்த இரட்டைப் புலமைதான் அவரை வரலாற்றில் எதிர்பாராத இடமொன்றில் நிறுத்தியது. 1720இல் இங்கிலாந்தில் தென்கடல் நிறுவனத்தின் பங்கு விலை தாறுமாறாக ஏறியது. ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 130 பவுண்டுக்கு விற்ற பங்கு கோடையில் 1,000 பவுண்டை எட்டியது. ஆண்டு முடிவதற்குள் தொடங்கிய இடத்துக்கே விழுந்தது. பிரபுக்கள் முதல் சிறு வணிகர்கள் வரை சேமிப்பை இழந்தார்கள். அமைச்சர்களுக்குக் கையூட்டாகப் பங்குகள் வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. நிதியமைச்சர் ஜான் ஐஸ்லபி லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். நிறுவனத்தின் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டே ஓடிவிட்டார்.

நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவர் ஜேக்கப் சாபிரிட்ஜ். அவர் பங்குதாரராக இருந்த சாபிரிட்ஜ் குழுமத்தின் கணக்குப் புத்தகங்களை ஆய்ந்து, கண்டவற்றை அறிக்கையாக வெளியிட்டவர் நம் சார்லஸ் ஸ்னெல். அறிக்கையின் முகப்பில் தம்மை எழுத்தாசிரியர், கணக்காளர் என்றே குறித்துக்கொண்டார். வெளியாள் ஒருவர் ஒரு வணிக நிறுவனத்தின் ஏடுகளைத் தணிக்கை செய்து அறிக்கை தந்ததற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கணக்கியல் வரலாற்று நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. வணிகவியல் மாணவர்கள் ஸ்னெல் பெயரைத் தணிக்கைப் பாடத்தில் படிக்கிறார்கள்; வடிவமைப்பு மாணவர்கள் எழுத்துருப் பட்டியலில் காண்கிறார்கள். இருவரும் ஒருவரே என்று இரு தரப்பிலும் பலருக்குத் தெரியாது.

எழுத்தும் கணக்கும் ஒரே தொழிலாக இருந்த அந்தக் காலத்தை நாம் இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம். கிழக்கிந்தியக் கம்பெனியில் சேரும் இளைஞனுக்கு முதற்படிப் பதவியின் பெயரே ரைட்டர், அதாவது எழுத்தர். 1744இல் சென்னைக் கோட்டைக்கு வந்திறங்கிய ராபர்ட் கிளைவ் அந்தப் பதவியில்தான் வந்தார். எழுதவும் கணக்குப் பார்க்கவும் கற்றிருப்பதே அவ்வேலைக்குத் தகுதி. கல்கத்தாவில் அவர்களுக்காக எழுந்த கட்டடம் இன்றும் ரைட்டர்ஸ் பில்டிங் என்றே அழைக்கப்படுகிறது. நம் காவல் நிலையங்களில் பதிவேடு எழுதுபவரை இன்றைக்கும் ரைட்டர் என்கிறோமே, அந்தச் சொல்லின் பழைய வாடைதான் அது.

இறகும் செப்புத்தகடும்

16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அலுவலர்கள் எழுதிய சாய்ந்த கையெழுத்து ஐரோப்பா முழுவதும் பரவியது. பிரான்சும் ஹாலந்தும் அதைத் தத்தம் போக்கில் வளைத்துக்கொண்டன. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எழுத்தாசிரியர்கள் அவற்றையெல்லாம் எடுத்து, தேவையற்றதைக் கழித்து, வேகமாகவும் தெளிவாகவும் எழுதக்கூடிய ஒன்றை உண்டாக்கினர். அதுவே ரவுண்ட்ஹேண்ட். கடல் வணிகம் பெருகிய நாட்டில் கடிதம், உண்டியல், பேரேடு, சரக்குச் சீட்டு எல்லாம் குவிந்தன. லண்டனில் எழுதியதைச் சென்னையில் ஒருவர் பிசகில்லாமல் படித்தாக வேண்டும். 3 என்று எழுதியது 8 போலத் தெரிந்தால் நட்டம் யாருக்கு?

அக்காலப் பேனா வாத்தின் இறகு. பேனாக்கத்தியால் முனையைச் சீவி நடுவில் சிறிது கீறிவிடுவார்கள். அகன்ற முனைப் பேனாவில் கோட்டின் தடிமன், பேனா எந்தக் கோணத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது. ஒடுக்கமாகச் சீவிய முனையில் அது விரலின் அழுத்தத்தைப் பொறுத்தது. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் கீறல் விரிந்து மை தடித்து இறங்கும். மேல்நோக்கிப் போகும்போது கையைத் தளர்த்தினால் மயிரிழை ஓடும். ரவுண்ட்ஹேண்டின் அழகு முழுவதும் இந்த ஓர் இயக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கும் ஆங்கில நாலு கோடு நோட்டில் குழந்தைகளைப் பழக்கும்போது மேலே போவது லேசு, கீழே வருவது அழுத்தம் என்று சொல்லித் தருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பந்துமுனைப் பேனாவில் அந்த வேறுபாடு வராது என்பது வேறு விஷயம். பேனா போன பின்பும் பாடம் நிற்கிறது.

எழுத்தாசிரியரின் மாதிரியை நூறு மாணவர்களுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி? ஈய அச்சில் அந்தக் கோடுகள் வராது. ஆகவே செப்புத்தகட்டில் செதுக்கினார்கள். செதுக்குபவர் கூர்மையான சிற்றுளியால் எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகத் தகட்டில் வெட்டுவார். வளைவு வரும் இடத்தில் உளியை வளைக்காமல், தோல் மெத்தைமேல் வைத்த தகட்டைச் சுழற்றுவார். பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் எழுத்து தாளில் ஏறும். விரலால் தடவினால் கோடு லேசாகப் புடைத்திருப்பதை உணரலாம். காப்பர்பிளேட் என்று அக்கையெழுத்துக்கே ஒரு பெயர் வந்தது இதனால்தான்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. உளியால் இறகைவிட மெல்லிய கோடு போட முடியும். இறகின் நடுக்கம் உளிக்கு இல்லை. ஆசிரியர் எழுதியதைவிடத் தகட்டில் இருந்தது அழகாகிவிட்டது. மாணவர்கள் தகட்டைப் பார்த்து எழுதப் பழகினார்கள். அடுத்த தலைமுறை ஆசிரியர்களின் கை, செதுக்கிய எழுத்தைப் பின்பற்றியது. கையெழுத்தைப் பார்த்து உளி, உளியைப் பார்த்துக் கையெழுத்து என்று ஒன்றையொன்று துரத்தித்தான் இந்த வடிவம் முற்றியது. எனவே இதைக் கையெழுத்தின் இயற்கை வடிவம் என்று சொல்வது பாதி உண்மையே. ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குக் கலைஞர் இருபத்தைந்து எழுத்தாசிரியர்களின் படைப்புகளைத் தகட்டில் வெட்டி, 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'யூனிவர்சல் பென்மேன்' என்ற தொகுப்பு இந்த முதிர்ச்சிக்குச் சான்று.

எழுத்தாசிரியர்களுக்குள் போட்டியும் பூசலும் குறைவில்லை. பறவை, மீன், தேவதை என்று பேனாவை எடுக்காமலே சுழித்து வரைந்து காட்டுவது அவர்களுக்கு விளம்பரம். ஸ்னெல் அந்தச் சுழிப்புகளுக்கு எதிரானவர். வேலைக்கு உதவும் எழுத்தில் அலங்காரத்துக்கு இடமில்லை என்பது அவர் கட்சி. 1712இல் எழுத்துக்கலையின் கொள்கையும் செயல்முறையும் பற்றி ஒரு நூலும், 1714இல் ஒவ்வோர் எழுத்தும் எந்த விகிதத்தில் அமைய வேண்டும் என்று விதி வகுக்கும் நூலும் வெளியிட்டார். கையெழுத்தை இப்படி அளவுகோல் வைத்து அளக்க முடியுமா என்று ஜான் கிளார்க் என்ற மற்றோர் எழுத்தாசிரியர் மறுத்தார். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற புகழ்பெற்ற பள்ளியில் எழுத்துக் கற்பித்த ஜார்ஜ் ஷெல்லி சுழிப்புகளில் வல்லவர். அவரோடும் ஸ்னெல்லுக்கு ஒத்துப்போகவில்லை. என் எண்ணத்தில், விதியை வலியுறுத்திய ஸ்னெல்லின் பிடிவாதம்தான் பிற்காலத்தில் அவர் எழுத்து அச்சுக்கு ஏற்றதாக அமைந்ததற்குக் காரணம். அச்சில் ஓர் எழுத்து ஆயிரம் முறை வந்தாலும் ஒரே உருவில்தான் வரும். மனம்போன போக்கில் மாறும் கையெழுத்தைவிட, விதிக்குள் அடங்கிய கையெழுத்தே அதற்குப் பொருந்தும்.

ஈயத்துக்குள் அடங்காத எழுத்து

எழுத்து தோன்றி முந்நூறு ஆண்டுகள் ஆகியும், அதை ஒழுங்காக அச்சுக்கோக்க 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது ஏன்? கம்பாசிட்டர் கையில் ஈய எழுத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் புடைத்திருக்கும். கட்டைகளை வரிசையாக அடுக்கினால் சொல். நிமிர்ந்து தனித்தனியாக நிற்கும் எழுத்துக்கு இந்த முறை பொருத்தம். சாய்ந்த எழுத்தின் தலையோ வலப்புறம் கட்டைக்கு வெளியே நீளும்; வால் இடப்புறம் நீளும். வெளியே நீளும் பகுதி அடுத்த கட்டையின்மேல் தொங்க வேண்டும். தொங்கும் ஈயம் அழுத்தம் தாங்காமல் ஒடியும். சேர்க்கைக் கோடு மயிரிழையானதால் இரண்டு கட்டைகள் சந்திக்கும் இடத்தில் சிறு இடைவெளி விழுந்தாலும் சங்கிலி அறுந்தது கண்ணில் உறுத்தும்.

இதற்கு மாற்று தேடியவர்களில் முதன்மையானவர் பாரிஸ் நகரின் ஃபிர்மின் திதோ. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கட்டையையே எழுத்தின் சாய்வுக்கு ஏற்பச் சாய்த்து, ஒன்றோடொன்று கொக்கிபோல் பூட்டிக்கொள்ளும்படி வார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் இவ்வெழுத்தை ஆங்லேஸ், அதாவது ஆங்கிலேய எழுத்து என்றார்கள். எழுத்து ஆங்கிலேயர் கணக்கறையிலிருந்து வந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் சாய்ந்த கட்டைகளை நேரான சட்டத்துக்குள் பூட்ட, வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் முக்கோணத் துண்டுகள் தேவைப்பட்டன. வேலை இரட்டிப்பு, விலையும் கூடுதல். சாதாரண அச்சகங்கள் வாங்கிய எழுத்துகள் சேர்ந்தது போலப் பாவனை காட்டி, உள்ளுக்குள் பிரிந்தே நின்றன.

பிறகு வந்த லினோடைப் எந்திரத்தில் நிலைமை இன்னும் மோசம். வரி முழுவதையும் ஒரே வார்ப்பாக உருக்கி வார்க்கும் அந்த எந்திரத்தில், ஒவ்வோர் எழுத்தும் தன் அச்சுப்பட்டையின் அகலத்துக்குள் அடங்கியே ஆக வேண்டும். ஓர் எழுத்து மற்றொன்றின் எல்லைக்குள் தலை நீட்டவே முடியாது.

ஆகவே 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் மதிப்பான அழைப்பிதழ் வேண்டுபவர் செதுக்குபவரிடமே போனார். முகவரிச் சீட்டு, பங்குப் பத்திரம், வங்கி ஆவணம், பட்டச் சான்று எல்லாம் தகட்டிலிருந்து வந்தவை. இந்த எழுத்துக்கும் மதிப்புக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் வேரூன்றியது. தகட்டில் வெட்டுவது செலவு பிடிக்கும் வேலை. செலவு செய்ய வேண்டிய காரியத்துக்கே செய்வார்கள். கணக்கறையில் எல்லோரும் எழுதிய எழுத்து, கணக்கறை தட்டச்சுக்கு மாறிய பிறகு, விலை உயர்ந்த காரியங்களில் மட்டும் மிஞ்சியது. கதர்த்துணிக்கு நம் நாட்டில் வந்த மதிப்பும் ஓரளவு இப்படிப்பட்டதுதான்: அன்றாடப் பொருள், அன்றாடத்திலிருந்து நகர்ந்ததும் அடையாளமாகிவிட்டது.

கார்ட்டரும் ஒளியச்சும்

மேத்யூ கார்ட்டர் 1937இல் லண்டனில் பிறந்தவர். தந்தை ஹாரி கார்ட்டர் அச்செழுத்து வரலாற்றறிஞர். பள்ளிப்படிப்பு முடித்த மகன் பல்கலைக்கழகம் போகுமுன் ஹாலந்தின் ஹார்லம் நகரிலுள்ள என்ஷெடே அச்சகத்தில், எஃகுத் துண்டில் எழுத்து வெட்டும் பழைய தொழிலைக் கற்றார். உலகமே அதைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கற்ற பின்பு அவர் கல்லூரிக்குப் போகவே இல்லை. 1965இல் நியூயார்க்கில் லினோடைப் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அப்போது ஈயம் போய் ஒளியச்சுக்கோப்பு வந்துகொண்டிருந்தது. எழுத்துகளின் உருவம் படச்சுருளில் இருக்கும். அதன் வழியாக ஒளி பாய்ந்து ஒளியுணர் தாளில் எழுத்து பதியும். அங்கே கட்டை இல்லை. ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் இடத்துக்குள் போய்ப் படிந்தால் ஒடிவதற்கு எதுவும் இல்லை. ஒளிமேல் ஒளி விழுகிறது, அவ்வளவுதான். இந்தப் புதிய வசதி எதற்குப் பயன்படும் என்று எண்ணிய கார்ட்டர், ஈயத்தால் செய்ய முடியாமல் போன ஒன்றைத் தேடிப்போய் ஸ்னெல்லின் பக்கங்களை எடுத்தார். புதிய எந்திரத்தின் பெருமையைக் காட்ட 250 ஆண்டுப் பழைய கையெழுத்து! 1972இல் தடித்த வடிவங்கள் இரண்டு கூடின.

அதே கார்ட்டர்தான் 1978இல் அமெரிக்கத் தொலைபேசி விவரத் திரட்டுக்கு மிகச் சிறிய அளவிலும் தெளிவாகத் தெரியும் பெல் சென்டெனியல் எழுத்துருவையும், 1996இல் கணினித் திரைக்கென வெர்டானாவையும் செய்தார். வெர்டானாவைப் பயன்படுத்தாத கணினி மாணவர் அரிது. கணக்கறைக்குரிய எழுத்து எது என்று ஸ்னெல் தேடியதும், திரைக்குரிய எழுத்து எது என்று கார்ட்டர் தேடியதும் எனக்கு ஒரே தேடலாகத்தான் படுகிறது.

எழுத்தின் அமைப்பு

சிறிய எழுத்துகள் எல்லாம் ஒரே சாய்வில், ஒரே அகலமுள்ள நீள்வட்டத்திலிருந்து பிறந்தவை போல இருக்கும். ஒவ்வோர் எழுத்தின் கடைசி மயிரிழையும் ஒரே உயரத்தில் முடியும். ஒவ்வோர் எழுத்தின் முதற்கோடும் அந்த உயரத்திலேயே அதை வாங்கிக்கொள்ளும். எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வந்தாலும் பொருந்த வேண்டுமே! 26 சிறிய எழுத்துகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 676 சேர்க்கைகள். பேனா பிடித்தவர் இடத்துக்கேற்பக் கையை மாற்றிக்கொள்வார். எழுத்துருவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பி, ஓ, வி, டபிள்யூ ஆகிய எழுத்துகள் மேலே முடிபவை. மற்றவை கீழே முடிபவை. இவ்வகை எழுத்துரு செய்பவருக்குத் தலைவலி தருபவை அந்த நான்கும்தான்.

சிறிய எழுத்தின் உடல் குட்டை; மேலே ஏறும் கோடும் கீழே இறங்கும் கோடும் நீளம். ஆகவே மற்ற எழுத்துருவில் 12 புள்ளி அளவில் படிக்க முடிவதை இதில் படிக்க 18 அல்லது அதற்கு மேல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கேப்பிடல் எனப்படும் பெரிய எழுத்துகளில் சுழிப்பு உண்டு, ஆனால் அடக்கமாக. தம் பெயர் தாங்கிய எழுத்துருவில் அந்த அளவையாவது ஸ்னெல் பொறுத்துக்கொண்டிருப்பார் என்று நம்பலாம்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

அழைப்பிதழ், சான்றிதழ், பாராட்டு மடல், விருந்துப் பட்டியல், நூலின் அன்பளிப்புப் பக்கம், வாழ்த்து அட்டை ஆகியவை இதற்குரிய இடங்கள். நான்கைந்து வரிகள், சுற்றிலும் தாராளமாக வெற்றிடம், நல்ல தாள். இவை இருந்தால் எழுத்து தன் வேலையைச் செய்யும். நீண்ட பத்தி, சிறிய அளவு, மங்கலான நகல் இயந்திரம் ஆகிய மூன்றும் இதற்குப் பகை. மயிரிழைகள் முதலில் மறையும். பிறகு சொல்லே துண்டு துண்டாகும். அழைப்பிதழிலும் மண்டப முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நேரத்தையும் வேறு எழுத்துருவில் வைப்பதே முறை. வருபவர் வழி தெரியாமல் நின்றால் அழகு எதற்கு?

மிகப் பரவலான பிழை, சொல் முழுவதையும் பெரிய எழுத்திலேயே அடிப்பது. இந்த எழுத்தின் பெரிய வடிவங்கள் ஒரு சொல்லின் தலையில் ஒருமுறை நின்று, பின்னால் வரும் சிறிய எழுத்துகளை இழுத்துச் செல்லப் பிறந்தவை. அவை தமக்குள் சேராதவை. பத்துப் பெரிய எழுத்துகளை அடுக்கினால், பத்துப் பேரும் குடை விரித்துக்கொண்டு ஒரு பேருந்துக்குள் ஏறியது போல இருக்கும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டுவதும் தவறு. சேர்க்கைக் கோடுகள் அந்தரத்தில் தொங்கும். கணினியின் சாய்வுப் பொத்தானை அழுத்தி ஏற்கெனவே சாய்ந்ததை மேலும் சாய்ப்பதும் உண்டு. அதையும் தவிர்க்கலாம்.

தமிழ்ப் பெயர்களில் தனியாக இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று முதலெழுத்து, அதாவது இனிஷியல். ஆங்கிலேயர் பெயருக்கு முன்னால் ஒரு பெரிய எழுத்து. நமக்கோ ஊர், தாத்தா, தந்தை என்று இரண்டு மூன்று வரும். டி.கே.எஸ். என்று மூன்று சுழித்த எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும்போது எது டி, எது எஃப் என்றே தெரியாது. ஐ, ஜே இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். முதலெழுத்துகளை நிமிர்ந்த எழுத்துருவிலோ, சிறிய அளவிலோ வைத்து, பெயரை மட்டும் வனப்பெழுத்தில் தருவது நல்லது. மற்றொன்று, ஆங்கிலத்தில் எம், என், யு, ஐ ஆகிய எழுத்துகள் நெருக்கமாக வரும் பெயர்கள். முனியம்மாள் என்ற பெயரைச் சிறிய அளவில் இந்த எழுத்துருவில் அடித்துப் பாருங்கள். வேலிக்கம்புகள் வரிசையாக நிற்பது போலத் தெரியும். அளவைக் கூட்டினால் ஓரளவு தீரும்.

நான் பணியாற்றிய காலத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அச்சகம் அடித்துத் தந்த சான்றிதழ்களில் மாணவர் பெயர் முழுவதும் பெரிய வனப்பெழுத்துகளில் இருந்தது. மேடையில் சிறப்பு விருந்தினரால் பெயரைப் படிக்க முடியவில்லை. அவர் ஏதோ ஒரு பெயரைச் சொன்னார்; கீழே யாரும் எழுந்து வரவில்லை. கடைசியில் பக்கத்திலிருந்த ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பதிவேடு சாதாரணப் பேனாவால் தெளிவாக எழுதப்பட்டது. ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்த சிறுமிக்குத் தன் பெயர் ஒலிபெருக்கியில் ஒழுங்காக ஒலிப்பதைவிட வேறு அலங்காரம் தேவையில்லை. சான்றிதழ் அச்சிடும் பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு பிரதியை அடித்து, எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுள்ள ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதுவே போதுமான சோதனை.

தமிழ் எழுத்துகளையும் இப்படிச் சாய்த்துச் சேர்த்து எழுதினால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நம் எழுத்தின் வளைவுகள் ஓலையும் எழுத்தாணியும் தந்தவை. ஓலையில் அழுத்தம் கூட்டிக் குறைத்துத் தடிமனை மாற்றும் வழக்கம் கிடையாது. எழுத்துகள் தனித்தனியே நிற்பதும் மரபு. ஆகவே ஆங்கிலப் பக்கத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று தமிழ்ப் பக்கத்தை வலிந்து சாய்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

இக்குடும்பத்தின் பிற எழுத்துருக்கள்

மோனோடைப் நிறுவனத்தின் பேலஸ் ஸ்கிரிப்ட் ஈயக் காலத்தைச் சேர்ந்தது. எட்வர்ட் பெங்கியாட் 1994இல் செய்த எட்வர்டியன் ஸ்கிரிப்ட் நம் அழைப்பிதழ்களில் அதிகம் காணப்படுவது. ரிச்சர்ட் லிப்டன் 1997இல் அடோபி நிறுவனத்துக்காகச் செய்த பிக்கம் ஸ்கிரிப்ட், மேலே சொன்ன ஜார்ஜ் பிக்கமின் தகடுகளைப் பார்த்து அமைந்தது. ஒரே எழுத்துக்குப் பல மாற்று வடிவங்கள் அதில் உண்டு. அடுத்து வரும் எழுத்தைப் பார்த்துப் பொருத்தமான வடிவத்தைக் கணினியே தேர்ந்தெடுக்கும். பி, ஓ, வி, டபிள்யூ தலைவலிக்கு அது ஒரு மருந்து.

ஸ்னெல்லோடு ஒத்துப்போகாத ஜார்ஜ் ஷெல்லியையும் கார்ட்டர் விட்டுவிடவில்லை. 1972இல் ஷெல்லி ஸ்கிரிப்ட் என்ற எழுத்துருவைச் செய்து, அலங்காரத்தின் அளவுக்கேற்ப ஆண்டான்டே, அலெக்ரோ, வொலான்டே என்று இசைச் சொற்களால் மூன்று வகைப்படுத்தினார். கொக்கோ-கோலா பெயர்ப் பலகையை இந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. அது எழுத்துருவே அல்ல. 1886இல் ஸ்பென்சேரியன் என்ற அமெரிக்கக் கையெழுத்துப் பாணியில் கையால் வரைந்த சின்னம்.

கணினியில்

ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் ஆப்பிள் கணினிகளிலும் ஐபோனிலும் உடன்வருகிறது. விண்டோஸில் அது இராது. ஆபீஸ் தொகுப்போடு வரும் எட்வர்டியன் ஸ்கிரிப்ட், குன்ஸ்ட்லர் ஸ்கிரிப்ட், பேலஸ் ஸ்கிரிப்ட் ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தலாம். ஆப்பிளில் அமைத்த அழைப்பிதழை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினால், அங்குள்ள கணினியில் இந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மணமக்கள் பெயர் தட்டச்சு எழுத்தில் நிற்கும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாக மாற்றி அனுப்புங்கள். அச்சாகி வரும் முதல் பிரதியில் பெயர்களையும் தேதியையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.